பூனைகளுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோய்: கண்காணிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட சிறுநீரக நோயில் அழிந்த சிறுநீரகத் திசு திரும்ப வளராது. ஆனால் நோய் எந்த வேகத்தில் போகிறது, கூடவே எதைக் கெடுக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது. என் பூனைக்குச் சிறுநீரக நோய் என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. அதே நாளில் எடுத்த சிறுநீரின் அடர்த்தி தெரியாமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. ஆரோக்கியமான பூனையின் சிறுநீர் மிகவும் செறிவானது. அடர்த்தி எண் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) பெரும்பாலும் 1.035-க்கு மேலேயே இருக்கும். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 2.2 மில்லிகிராம், சிறுநீர் அடர்த்தி 1.050 என்றால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது, பூனை உடலில்தான் நீர் குறைந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே 2.2-உடன் அடர்த்தி 1.015 என்று வந்தால் கதை வேறு: உடல் நீரைத் தேக்க விரும்பியும் சிறுநீரகத்தால் முடியவில்லை.

ஆகவே நீரிழப்பைச் சரிசெய்து, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ரத்தத்தையும் சிறுநீரையும் சேர்த்து மறுபடி பாருங்கள். மூன்று மாதமாக மாற்றம் நீடித்தால் அதை 'நாள்பட்டது' என்று சொல்வது வழக்கம்.

கிரியேட்டினின், எஸ்.டி.எம்.ஏ., யூரியா மூன்றில் எதை நம்புவது?

மூன்றும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள், ரத்தத்தில் அளக்கப்படுபவை. ஆனால் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகே அது ஆய்வகம் தரும் வழக்கமான வரம்பைத் தாண்டும். எஸ்.டி.எம்.ஏ. அதற்கு முன்பே, சராசரியாக 40 சதவீதம் திறன் குறையும்போதே உயரத் தொடங்குகிறது. தசை மெலிவு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதனால் மெலிந்த, வயதான பூனைக்கு எஸ்.டி.எம்.ஏ. மிகவும் பயன்படும். டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து நின்றால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். பிர்மன் போன்ற சில இனங்களில் இயல்பு அளவே சற்று உயர்வாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யூரியா நம்பகம் குறைந்தது. இறைச்சி அதிகமான உணவு, குடலில் ரத்தக்கசிவு, நீரிழப்பு என எதுவும் அதை ஏற்றிவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு: சில ஆய்வகங்கள் 'யூரியா' என்றும் சில 'பி.யூ.என்.' (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்றும் அச்சிடுகின்றன. இரண்டும் ஒரே எண் அல்ல. பி.யூ.என். அளவை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா கிடைக்கும். ஆய்வகம் மாறிய மாதத்தில் யூரியா 'இரட்டிப்பாகிவிட்டது' என்று பதறுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நிலை 2, நிலை 3 என்கிறார்களே, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஐரிஸ் என்ற சர்வதேச சிறுநீரக ஆய்வுக் குழு வகுத்த அளவுகோல் அது. பூனைகளுக்குக் கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து வேறு சிறுநீரகக் கோளாறு தெரிந்தால் நிலை 1. 1.6 முதல் 2.8 வரை நிலை 2. 2.9 முதல் 5.0 வரை நிலை 3. அதற்கு மேல் நிலை 4. எஸ்.டி.எம்.ஏ. கணக்கில் முறையே 18-க்குக் கீழ், 18–25, 26–38, 38-க்கு மேல். அறிக்கை மைக்ரோமோலில் வந்தால் கிரியேட்டினின் எண்ணை 88.4-ஆல் வகுத்தால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.

நிலை கணக்கிடுவது பூனை நன்றாக நீர்ச்சத்தோடு, நிலையாக இருக்கும்போது மட்டுமே. வாந்தி எடுத்து வாடிப்போய் வந்த நாளில் 5.4 வந்தால் அதை நிலை 4 என்று எழுதுவது தவறு. இரண்டு நாள் திரவம் ஏறிய பின் அதே பூனை 3.1-இல் நிற்கலாம். சிறுநீர்ப் புரதம், ரத்த அழுத்தம் இரண்டையும் தனித்தனித் துணைநிலைகளாகச் சேர்த்த பிறகே மதிப்பீடு முழுமையாகும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து நிலை சொல்லி அனுப்பினால் மீதி இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை வேண்டும்?

நிலை 1, 2-இல் நிலையாக இருக்கும் பூனைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நிலை 3-இல் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நிலை 4-இல் நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை. புதிதாகக் கண்டறிந்தவுடன் முதல் இரண்டு, மூன்று பரிசோதனைகளை நெருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. நோய் நகரும் வேகம் அப்போதுதான் தெரியும். மருந்தோ உணவோ மாற்றினால் இந்த அட்டவணையை விட்டுவிட்டு அந்தந்த மாற்றத்துக்கான கெடுவில் பார்க்க வேண்டும். அந்தக் கெடுக்கள் கீழே வருகின்றன.

ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவை: எடை, தசை நிலை, ரத்த அழுத்தம், கிரியேட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), சிறுநீர் அடர்த்தி, சிறுநீர்ப் புரத விகிதம்.

ரத்தம் எடுக்கும் முன் பட்டினி போட வேண்டுமா?

பாஸ்பரஸையும் யூரியாவையும் முந்தைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் எட்டு முதல் 12 மணி நேரம் உணவு இல்லாமல் இருப்பது உதவும். இரவு உணவுத் தட்டை எடுத்துவிட்டுக் காலையில் முதல் ஆளாகப் போய்வருவது எளிது. தண்ணீரை மட்டும் ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். சிறுநீரக நோயுள்ள பூனை சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தாலே நீரிழப்புக்குப் போய்விடும், எண்களும் பொய்யாக ஏறும். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத பூனையைப் பட்டினி போட வேண்டியதில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று மருத்துவரிடம் சொன்னால் போதும்.

முடிந்தவரை அதே ஆய்வகம், அதே நேரம். கிரியேட்டினின் 2.3-இலிருந்து 2.5 ஆவது இயந்திர வேறுபாட்டாலேயே நிகழக்கூடியது. 2.3, 2.7, 3.2 என்று மூன்று முறை ஒரே திசையில் போனால் அது நோயின் நகர்வு.

வீட்டில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எடையைப் பாருங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், சாப்பாட்டுக்கு முன். பல பூனைகளில் நோய் கண்டறியப்படுவதற்கு ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது. கண்ணுக்கு அது தெரியாது, ரோமம் மறைத்துவிடும்.

ஆள் நிற்கும் எடை இயந்திரம் இதற்குச் சரிவராது. பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தால் 200 கிராம் வரை பிழை வரலாம். நான்கு கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது ஐந்து சதவீதம், அதாவது கவலைப்பட வேண்டிய இழப்பே அவ்வளவுதான். 10 கிராம் துல்லியமுள்ள குழந்தை எடை இயந்திரத்தின் மேல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, பெட்டிக்குள் பூனையை உட்கார விடுங்கள். பெரும்பாலான பூனைகள் பெட்டியைக் கண்டால் தாமாகவே ஏறும். தோலடித் திரவம் (நீரிழப்புக்காகத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றும் திரவம்) கொடுப்பவர்கள் கொடுப்பதற்கு முன்பே எடை பார்க்க வேண்டும். 100 மில்லி திரவம் 100 கிராம் எடையாக ஏறி, மெலிவை மறைத்துவிடும்.

எடையோடு முதுகெலும்பின் இருபுறமும், இடுப்பின் மேலும் விரலால் தடவிப் பாருங்கள். எலும்பின் முனை கூர்மையாகக் கையில் தட்டினால் தசை கரைகிறது. வயிறு தொப்பையாகத் தொங்கினாலும் முதுகில் தசை போயிருக்கலாம்.

மற்றவை: எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, உணவருகே வந்து முகர்ந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு விலகுகிறதா (குமட்டலின் அறிகுறி), மலம் சிறுசிறு கெட்டி உருண்டைகளாக வருகிறதா (உடலில் நீர் போதவில்லை), குதித்து ஏறும் இடங்களில் ஏறுகிறதா.

தண்ணீர் குடிப்பதை எப்படி அளப்பது?

காலையில் அளவுக் குவளையால் 300 மில்லி ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியை அளந்து கழியுங்கள். பூனைக்கு எட்டாத இடத்தில் அதே மாதிரி இன்னொரு கிண்ணம் வைத்தால் ஆவியாகிப் போனது எவ்வளவு என்று தெரியும். அதையும் கழிக்க வேண்டும். மூன்று நாள் சராசரி எடுப்பது நல்லது.

உலர் உணவு மட்டும் தின்னும் பூனை கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் கவனியுங்கள். 100 மில்லியைத் தாண்டினால் அது சந்தேகமில்லாமல் மிகுதி. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரே இருப்பதால், அதைத் தின்னும் பூனை கிண்ணத்தைத் தொடாமலேகூட இருக்கும். அது முன்பைவிட அதிகம் குடிக்கத் தொடங்கினால் அளவு சிறிதானாலும் பொருட்படுத்த வேண்டும். பல பூனைகள் உள்ள வீட்டில் இந்த அளவீடு வீண்வேலை. லிட்டர் பெட்டியில் (பூனையின் கழிவுப் பெட்டி) சிறுநீர்க் கட்டிகளின் எண்ணிக்கையும் பருமனும் கூடுகிறதா என்று பார்ப்பது அங்கே பயன்படும்.

அதிகம் குடிப்பதும் அதிகம் சிறுநீர் கழிப்பதும் சர்க்கரை நோய்க்கும் தைராய்டு மிகைக்கும்கூடப் பொருந்தும். சிறுநீரகம்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

சிறுநீர் மாதிரியை வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாமா?

அடர்த்திக்கும் புரதத்துக்கும் எடுத்துப் போகலாம். கழுவி உலர்த்திய பெட்டியில் நீர் உறிஞ்சாத மணிகளைப் போட்டு வையுங்கள். இதற்கென்றே பிளாஸ்டிக் மணிகள் விற்கிறார்கள். சிறுநீர் கழித்ததும் சிரிஞ்சால் உறிஞ்சிச் சுத்தமான மூடியுள்ள குப்பியில் இடுங்கள். பெட்டியைக் கழுவிய சோப்பு மிச்சமிருந்தால் முடிவு கெடும். வெந்நீரில் அலசுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடிந்தால் அப்படியே கொண்டுபோகலாம். இல்லையேல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். குளிரில் படிகங்கள் புதிதாக உருவாகும் என்பதால் 'படிகம் இருக்கிறது' என்று அறிக்கை வந்தால் மாதிரி குளிரில் இருந்ததைச் சொல்லுங்கள்.

கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இது உதவாது. அதற்கு மருத்துவர் வயிற்றின் வழியாக ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் மெல்லிய ஊசி, சில விநாடி வேலை. பெரும்பாலான பூனைகள் ரத்தம் எடுப்பதைவிட இதை எளிதாகப் பொறுத்துக்கொள்கின்றன.

மருந்துக்கடைச் சிறுநீர்ப் பட்டைகளால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

அடர்த்திக்கு வேண்டாம். பட்டையில் உள்ள அடர்த்திக் கட்டம் மனிதர்களுக்கானது. பூனைச் சிறுநீரில் அது பொய் சொல்லும். அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்து அடர்த்தி அளக்கும் கருவி) தான் பார்க்க வேண்டும். புரதக் கட்டமும் பூனைகளில் அடிக்கடித் தவறாக நிறம் மாறும். சர்க்கரைக் கட்டம் மட்டும் ஓரளவு பயன்.

புரத விகிதம் என்பது என்ன? ஏன் முக்கியம்?

சிறுநீரில் உள்ள புரதத்தை அதிலேயே உள்ள கிரியேட்டினினால் வகுத்துக் கிடைக்கும் எண். 0.2-க்குக் கீழே இயல்பு, 0.2 முதல் 0.4 எல்லைக்கோடு, 0.4-க்கு மேல் புரதக் கசிவு. கசிவு உள்ள பூனைகளில் நோய் வேகமாகப் போகிறது. ஆகவே இதைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இது தானாக வராது.

சிறுநீர்ப்பையில் தொற்றோ ரத்தமோ இருக்கும்போது விகிதம் உயரலாம், அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் அவற்றைச் சரிசெய்து, பிறகு இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை உறுதிசெய்த பின்னரே மருந்து தொடங்குவது முறை. புரதக் கசிவைக் குறைக்கும் டெல்மிசார்டன் அல்லது பெனாசெப்ரில் தொடங்கினால் ஒன்று, இரண்டு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். நீரிழப்பில் உள்ள பூனைக்கு இவற்றைத் தொடங்கவே கூடாது.

ரத்த அழுத்தம் பார்க்காமல் விடலாமா? என் பூனைக்கு அறிகுறி ஏதும் இல்லையே.

தயவுசெய்து விடாதீர்கள். கண்காணிப்பில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவதும் மிக எளிதாகத் தடுக்கக்கூடிய சேதத்தைத் தருவதும் இதுதான். உயர் அழுத்தத்தின் முதல் 'அறிகுறி' பல பூனைகளில் விழித்திரை பிரிந்து திடீரென்று பார்வை போவதுதான். ஒரு நாள் காலையில் பூனை சுவரில் முட்டும். கண்மணி இரண்டும் அகல விரிந்து, வெளிச்சத்திலும் சுருங்காமல் நிற்கும். அழுத்தத்தை உடனே இறக்கினால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு மீளும், பலவற்றுக்கு மீளாது.

மேல் அழுத்தம் (இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம்) 140 மி.மீ.க்குக் கீழே இயல்பு. 140–159 கவனிக்க வேண்டியது. 160–179 உயர் அழுத்தம். 180-ம் அதற்கு மேலும் கடுமையானது.

அளக்கும் விதம்தான் எண்ணைத் தீர்மானிக்கிறது. அமைதியான அறையில் கூடையைத் திறந்து வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையைத் தானாக நிலைகொள்ள விட வேண்டும். அழுத்தம் அளக்கச் சுற்றும் பட்டையின் அகலம் பூனையின் கால் அல்லது வால் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். பட்டை சிறிதானால் எண் பொய்யாக ஏறும், பெரிதானால் பொய்யாக இறங்கும். முதல் அளவீட்டை விட்டுவிட்டு, ஐந்து முதல் ஏழு அளவீடுகளின் சராசரி எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த பிறகு அழுத்தம் பார்ப்பது தவறான வரிசை. எப்போதும் அழுத்தம் முதலில். எந்தப் பட்டை, எந்தக் கால் என்று குறித்துவைத்து அடுத்த முறையும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். பயத்தால் ஏறியதோ என்ற சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்கலாம். கண்ணில் ஏற்கெனவே சேதம் தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை.

அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மருந்தை வழக்கமாக ஒரு பூனைக்கு 0.625 மில்லிகிராமில் தொடங்குவார்கள், அதாவது 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. ஒரு வாரம் கழித்து அழுத்தம் பார்த்து அளவை மாற்றுவார்கள். 160-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. 120-க்குக் கீழே இறங்கிப் பூனை சோர்ந்தால் மருந்து மிகுதி.

பாஸ்பரஸ் ஆய்வக வரம்புக்குள்தான் இருக்கிறது. போதாதா?

போதாது. ஆய்வக வரம்பு எல்லாப் பூனைகளுக்குமானது. நோயுள்ள பூனைக்கு இலக்கு இறுக்கமானது: நிலை 2-இல் 2.7 முதல் 4.6 மில்லிகிராம், நிலை 3-இல் 5.0-க்குக் கீழ், நிலை 4-இல் 6.0-க்குக் கீழ். முதலில் சிறுநீரகத்துக்கான உணவு. நான்கு முதல் எட்டு வாரம் கழித்தும் இலக்கை எட்டவில்லை என்றால் பாஸ்பரஸைப் பிடிக்கும் மருந்து. அந்த மருந்து குடலில் உணவோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் பயனில்லை. கால்சியம் கலந்த மருந்தானால் ரத்தக் கால்சியத்தையும் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்திருந்தால் பாஸ்பரஸ் பொய்யாக உயரும். அறிக்கையில் 'ஹீமோலைசிஸ்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

உணவை மாற்றுவது குறித்து ஒரு வார்த்தை: குமட்டல் உள்ள நாளில் புது உணவை அறிமுகப்படுத்தினால் பூனை அந்த உணவையே நோயோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு பிறகு தொடாது. முதலில் குமட்டலை அடக்குங்கள். பிறகு சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். எது ஆனாலும் சாப்பிடாமல் இருப்பதைவிடப் பழைய உணவைச் சாப்பிடுவது மேல்.

பூனை தலையைத் தொங்கப்போட்டபடி நடக்கிறது. வயதாகிவிட்டதா?

பொட்டாசியம் குறைந்திருக்கலாம். கழுத்துத் தசை தளர்ந்து முகவாய் மார்பை நோக்கிச் சாய்ந்திருக்கும், பூனை கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும். லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் பொட்டாசியத்தை மருந்தாகக் கொடுப்பது வழக்கம். தொடங்கிய பின் ஒன்று, இரண்டு வாரத்தில் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

ஈறு வெளிறியிருக்கிறது.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினைச் சிறுநீரகம் சுரப்பது குறைவதால் ரத்தச்சோகை வரும். ஹெமட்டோகிரிட் 20 சதவீதத்துக்கு அருகே இறங்கிப் பூனையும் சோர்ந்தால் அதற்கு மாற்றான டார்பெபாய்ட்டின் ஊசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அந்த ஊசி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. ஆகவே தொடங்கிய பின் ஹெமட்டோகிரிட், அழுத்தம் இரண்டையும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் தோலடித் திரவம் கொடுக்கிறோம். எதைக் கண்காணிக்க வேண்டும்?

நான்கு கிலோ பூனைக்கு ஒரு முறைக்கு 75 முதல் 150 மில்லி வரை கொடுப்பார்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதிகம் கொடுத்தால் அதிகம் நன்மை என்று நினைப்பது ஆபத்து. இதயக் கோளாறு மறைந்திருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிடும். தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் திரவத்தை நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் கூப்பிடுங்கள். முந்தைய முறை கொடுத்தது இன்னும் தோலடியில் கட்டியாக நின்றால் அதன்மேல் மறுபடி கொடுக்கக் கூடாது. தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பை அளப்பது மெலிந்த கிழப் பூனையிடம் நம்பத்தக்கதல்ல. நீர்ச்சத்து இருந்தாலும் அந்தத் தோல் மெதுவாகத்தான் திரும்பும். ஈறு பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கிரியேட்டினின் குறைந்திருக்கிறது. குணமாகிறதா?

எடையைப் பாருங்கள். எடை நின்று, எஸ்.டி.எம்.ஏ.வும் இறங்கினால் நல்ல செய்தி. எடையும் இறங்கியிருந்தால் தசை கரைந்ததால்தான் கிரியேட்டினின் குறைந்தது. சிறுநீரகம் மேம்படவில்லை.

தைராய்டு இதற்கு நேர் எதிர். தைராய்டு மிகை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டி நோயை மறைக்கும். அதற்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் ஏறும். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது. வயதான பூனைக்குச் சிறுநீரகப் பரிசோதனையோடு டி4 என்ற தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

மாதக்கணக்கில் நிலையாக இருந்த எண்கள் திடீரென்று எகிறிவிட்டன. இறுதிக் கட்டமா?

அப்படி எண்ணி விட்டுவிடாதீர்கள். நாள்பட்ட நோய் பொதுவாக மெல்லத்தான் நகரும். திடீர் ஏற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலும் தனிக் காரணம் ஒன்று இருக்கும், அதில் சில சரிசெய்யக்கூடியவை. சிறுநீரகத் தொற்று, சிறுநீர்க்குழாயில் கல் அடைப்பு, வாந்தியால் நீரிழப்பு, மனிதர்களுக்கான வலி மாத்திரை, லில்லிச் செடியைக் கடித்தது என வரிசையாக விலக்கிப் பார்க்க வேண்டும். லில்லியின் மகரந்தம் ரோமத்தில் பட்டு நக்கினாலும், பூ வைத்த குடுவைத் தண்ணீரைக் குடித்தாலும் போதும். பாரசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி. கிருமி வளர்ப்பும் ஸ்கேனும் இந்தக் கட்டத்தில் தவிர்க்கக் கூடாதவை. ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் சுருங்கியும் மற்றொன்று வீங்கியும் இருந்தால் அடைப்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சிறுநீர் வராமல் முக்கினால், குறிப்பாக ஆண் பூனையானால், அதே மணி நேரத்தில். திடீர்ப் பார்வையிழப்பு, வலிப்பு, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் ஆகியவற்றுக்கும் அப்படியே. 24 மணி நேரம் எதுவும் சாப்பிடாவிட்டால், அல்லது குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியானால் அன்றைக்கே.

மருத்துவரிடம் போகும்போது எதை எடுத்துப் போவது?

கடைசி மூன்று அறிக்கைகள், வாராந்திர எடைக் குறிப்பு, கொடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும், கடைசியாகத் திரவம் கொடுத்த நாள், உணவின் பெயர். நடையிலோ மூச்சிலோ மாற்றம் தெரிந்தால் கைபேசியில் அரை நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் ஏற்றியதும் பூனை பயத்தில் உறைந்துவிடும், வீட்டில் நீங்கள் கண்டது அங்கே தெரியாது.